கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டவர்

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒரு நாவல் எழுதினார். எழுதி முடித்த பிறகும் அவருக்கு அது கூச்சமாகத்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் யாராவது, "என்னப்பா, எழுத்தாளர் ஆயிட்டியாமே?" என்று கேட்டால், திருட்டுத்தனமாக இனிப்புத் தின்று பிடிபட்டவர் மாதிரி, "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவரை எழுத வைத்தது தங்கை. நாற்பதைத் தொட்டவள், கல்லூரி நூலகத்தில் வேலை, மூக்கு நுனியில் எப்போதும் நழுவிக்கொண்டிருக்கும் கண்ணாடி. இருந்தாலும் வீட்டில் அவள் பாப்பாதான். அண்ணன் கூப்பிட்டுப் பழகியது, அண்ணிக்கும் ஒட்டிக்கொண்டது. பாப்பா குடியிருந்தது இரண்டு தெரு தள்ளி. வாரக் கடைசியில் அண்ணன் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுக்கொண்டே அவர் அந்த வாரத்துக் கதைகளைச் சொல்வார். மாப்பிள்ளை பார்க்க வந்த குடும்பம் மொத்தமும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வருவதற்குள் சம்பந்தமே வேண்டாம் என்று முடிவானது. தனியாக மாட்டிக்கொண்டவர் பயத்தில் போனிலேயே தன் சமையல் குறிப்பெல்லாம் ஒப்பித்தது. பாப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். "இதையெல்லாம் எழுதேன் அண்ணா" என்பாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் நிஜமாகவே நான்கு அத்தியாயங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, அவள் படிப்பதைப் பார்க்கத் தைரியமில்லாமல் பால்கனிக்குப் போய் நின்றுகொண்டார்.

கதை இதுதான். ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோகிறது. உள்ளே இரண்டு பெண்கள். ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். ஒரே கட்டடத்தில் இருந்தும் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. யார் முதலில் பேச்சை நிறுத்தினார்கள் என்பது இருவருக்கும் நன்றாக நினைவிருக்கிறது, எதற்காக என்பதில்தான் குழப்பம். உள்ளே மாட்டிக்கொண்ட பிறகும் நேராகப் பேசமாட்டார்கள். எல்லாம் அவசரப் போன் வழியாக, வந்துகொண்டிருக்கும் மெக்கானிக் மூலமாகத்தான்.

"தம்பி, பக்கத்துல நிக்கறவங்ககிட்ட சொல்லுங்க, அவங்க பை என் கால்மேல இருக்கு."

"அம்மா, உங்க பை அவங்க கால்மேல இருக்காம்."

"அவங்க கால்தான் என் பைக்கு அடியில இருக்குன்னு சொல்லுங்க தம்பி."

பாப்பா படித்துவிட்டு பால்கனிக்கு ஓடி வந்தாள். கண்ணில் தண்ணீர், சிரித்த தண்ணீர். "அண்ணா, இதை நீயா எழுதின?" என்றாள். அதற்குப் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அவளோடு படித்த ஒருத்தி சின்னதாகப் பதிப்பகம் நடத்தினாள். அந்த நான்கு அத்தியாயத்தைக் காட்டியதுமே, முடித்துக் கொடுங்கள் போட்டுவிடலாம் என்றாள். அண்ணன் மீதியை பாப்பாவிடம் காட்டவில்லை. "அச்சாகி வந்ததும் படி. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்" என்றுவிட்டார். அவர் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதை முதல் அத்தியாயத்திலிருந்தே அண்ணிதான் படித்து, தடவித் தடவி, கம்ப்யூட்டரில் அடித்தாள். புத்தகம் வந்தது. பெயர், 'எல்லாரும் பத்திரம்'. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்ததும் அவர் ஆபீசுக்குப் போன் செய்து சொல்லும் வார்த்தை அது.

வெளியீடு நூலக அரங்கில் நடந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தார். "என் தங்கச்சி இல்லன்னா இந்தப் புத்தகம் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். நல்ல கைதட்டல்.

மறுநாள் விடுமுறை. பாப்பா தேநீர் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஐந்தாவது அத்தியாயத்தைத் திறந்தாள். இரண்டாவது பக்கத்திலேயே லிஃப்ட் சரியாகிவிட்டது.

'அந்த நேரத்தில் இருவரும் மனம் விட்டுப் பேசினார்கள். பேசப் பேசப் பல வருடத்துப் பாரம் இறங்கியது. கதவு திறந்தபோது இருவரும் கட்டிப்பிடித்தபடி நின்றார்கள்.'

அவ்வளவுதான். அங்கிருந்து ஒரே நல்லது. குடியிருப்போர் சங்கத்துச் சிடுமூஞ்சிச் செயலாளர் மாடியில் பூச்செடி வைத்தார். குடிகாரர் குடியை விட்டார். காதலர்கள் சேர்ந்தார்கள். பரீட்சையில் தேறாதவன் தேறினான். நாய்க்குக் கல்யாணம் ஆகாததுதான் குறை. பாப்பா கடைசிப் பக்கம் வரை படித்தாள். தேநீர் ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. முதல் பாதியை எழுதிய கைதான் இதையும் எழுதியது என்று அவளால் நம்ப முடியவில்லை.

அண்ணன் போன் செய்தார். "எங்க வரைக்கும் வந்திருக்க?"

"லிஃப்ட்லதான் அண்ணா இருக்கேன்."

"இன்னுமா?"

"ரசிச்சுப் படிக்கறேன்ல."

அடுத்த வாரம் கேட்டபோது கண் வலி என்றாள். அதற்கடுத்த வாரம் நூலகத்தில் கணக்கெடுப்பு என்றாள். புகழ்ந்து ஒரு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, உண்மையைச் சொல்ல மனசும் வரவில்லை. அண்ணன் அவள் எதிரில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டு, பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோவார். அவள் குழம்பு நன்றாக இருக்கிறது என்பாள். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஊரில் மற்றவர்கள் புகழத்தான் செய்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்துக் காவல்காரர் முழுதும் படித்துவிட்டு, "கடைசியில எல்லாரும் நல்லா இருக்காங்க சார், அது போதும் எனக்கு" என்றார். ஒரு செவிலியர், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் இப்படி ஒன்றைத்தான் படிக்க முடிகிறது என்று எழுதி அனுப்பினார். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அண்ணன் காத்திருந்தது ஒருத்தியின் வார்த்தைக்கு.

அந்த நேரம் பார்த்து ஒரு செய்தித்தாளின் வார இணைப்பில் சின்னதாக மதிப்புரை வந்தது. 'தொடக்கம் கொடுத்த வாக்கைப் பின்பாதி காப்பாற்றவில்லை. எழுதியவருக்கு நல்ல மனசு. அந்த நல்ல மனசே நாவலுக்கு எதிரியாகிவிட்டது.' கீழே பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள் மட்டும். பாப்பாவும் எப்போதாவது அந்தப் பக்கத்துக்கு மதிப்புரை எழுதுகிறவள்.

அண்ணி தாளைத் தூக்கிக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

"இது உன் வேலைதானே?"

"அய்யோ, இல்ல அண்ணி."

"மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்லாம ஊருக்கே தம்பட்டம் அடிச்சிருக்க."

"நான் எழுதல அண்ணி. சொந்த அண்ணன் புத்தகத்துக்கு நான் எப்படி எழுதுவேன்?"

"அப்போ நீயே சொல்லு. புத்தகம் எப்படி இருக்கு?"

பாப்பா வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. "பார்த்தியா" என்று சொல்லிவிட்டு அண்ணி போய்விட்டாள். அதிலிருந்து போனை எடுக்கவில்லை. அந்த வாரம் சாப்பாட்டுக்கும் அழைப்பு வரவில்லை. அண்ணன் மட்டும் செய்தி அனுப்பினார்: 'கொஞ்ச நாள் போகட்டும்.'

நாவலுக்கு விதையான சம்பவம் நிஜமாக நடந்தது. அந்தக் கட்டடம் அவர் மாதாமாதம் பராமரிப்புக்குப் போகும் இடம். லிஃப்ட் நின்றுபோன அன்றைக்கு மின்சாரத்தை நிறுத்தி, மேலே மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைச் சுற்றி, லிஃப்ட் பெட்டியை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தார். இரண்டு பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருவர் மேலே படியேறினார், மற்றவர் கீழே இறங்கினார். ஒரு வார்த்தை இல்லை. அந்தக் காட்சி பல நாள் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மதிப்புரை வந்த மாதமும் பராமரிப்புக்குப் போனார். நாலாவது மாடியில் மண்டியிட்டு உட்கார்ந்து, கதவு ஓடும் தடத்தில் சேர்ந்திருந்த அழுக்கைத் தூரிகையால் தள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்று கீழே இறங்கிப் போன அந்த அம்மா. கையில் புத்தகம், நடுவில் ஒரு விரல்.

"தம்பி, இது நீங்க எழுதினதுதானே?"

அவர் தலையில் இருந்த ஹெல்மெட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பின்னால போட்டோ போட்டிருக்கே. ஹெல்மெட் போட்டுக்கிட்டா அடையாளம் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

"இல்லம்மா... உங்களைக் கொஞ்சம் மனசுல வெச்சு..."

"கொஞ்சமா? என் மூட்டுவலி வரைக்கும் எழுதி வெச்சிருக்கீங்க."

"கோபமாம்மா?"

"கோபமெல்லாம் இல்ல. சிரிச்சு வயிறு வலிச்சுப்போச்சு. எங்க ரெண்டு பேரையும் யாரோ மூலையில நின்னு பார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் இந்தப் பக்கத்துக்கு வந்தேன்." விரல் வைத்திருந்த இடத்தைத் திறந்தார். "மனம் விட்டுப் பேசினார்கள்னு போட்டிருக்கு. சரி. என்ன பேசினாங்க?"

அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"பக்கம் ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன் தம்பி. முதல்ல வாயைத் திறந்தது யாரு? என்ன சொல்லித் தொடங்கினா? அது தெரிஞ்சா எனக்கு உபயோகமா இருக்கும். நானும் ரெண்டு மாடி ஏறிப் போய் அவ கதவுகிட்ட நின்னுட்டு வந்திருக்கேன். முதல் வார்த்தைதான் வர மாட்டேங்குது."

"எனக்குத் தெரியலம்மா."

"தெரியாமலா எழுதினீங்க?"

"தெரியாததாலதான் அப்படி எழுதிட்டேன்."

அந்த அம்மா புத்தகத்தை மூடினார். "சரி விடுங்க. கதைதானே" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். மதிப்புரை கொடுத்த வலியைவிட அந்த 'கதைதானே' அதிகமாக வலித்தது.

வேலையை முடித்துவிட்டு அவர் நேராக பாப்பா வீட்டுக்குப் போனார். சீருடையில் கிரீஸ் ஒட்டியிருந்ததால் சோபாவில் உட்காரவில்லை. சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண் வலி, கணக்கெடுப்பு எல்லாம் வேண்டாம். சொல்லு."

பாப்பா சொன்னாள். மென்று முழுங்காமல் சொன்னாள். முதல் நான்கு அத்தியாயம் போல அண்மையில் எதையும் படிக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் ஒரு பக்கத்துக்கு மேல் நிற்கவில்லை என்றாள். "அந்த ரெண்டு பேரும் என்ன பேசப்போறாங்கன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தேன் அண்ணா. நீ திரையைப் போட்டுட்ட."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "எங்க வேலையில ஒரு பழக்கம் பாப்பா" என்றார். "போன் வந்ததும் முதல் வார்த்தை, 'பயப்படாதீங்க, வந்துட்டேன்'. நான் அப்போதான் வீட்டுல செருப்பு மாட்டிக்கிட்டிருப்பேன். இருந்தாலும் வந்துட்டேன்னுதான் சொல்லணும். இல்லன்னா உள்ள இருக்கறவங்க பதறிடுவாங்க. அப்படியே பழகிப்போச்சு. ஒருத்தரை உள்ள வெச்சுட்டு என்னால நிம்மதியா உட்கார முடியாது. நான் பேப்பர்ல எழுதி வெச்ச ஆளுங்களா இருந்தாலும்."

பாப்பாவுக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கிரீஸைப் பார்த்துவிட்டு, தேநீர் மட்டும் போட்டுக் கொடுத்தாள்.

"அண்ணிகிட்ட நீ பேசு" என்றார் கிளம்பும்போது. "அவ நல்லா இல்ல. வேலை பார்க்கறா, சமைக்கறா, ஆனா நல்லா இல்ல."

அடுத்த விடுமுறை நாளில், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பாப்பா போனாள். அண்ணி பால்கனியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பாப்பா வாசலில் நின்றாள்.

"உள்ள வரலாமா அண்ணி?"

"கதவு தொறந்துதானே இருக்கு."

அவ்வளவுதான் வரவேற்பு. அண்ணி ஒரு போர்வையைத் தனியாக மடிக்கப் பார்த்து, அது தரையில் புரண்டது. பாப்பா போய் மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் உதறினார்கள்.

"அந்த மதிப்புரை நான் எழுதல அண்ணி."

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து மறுபடி படிச்சப்போவே தெரியும். நீ எழுதியிருந்தா இவ்வளவு சின்னதா முடிச்சிருப்பியா? உன் வாய் எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஏன் பேசல?"

"தெரிஞ்ச உடனே ஓடி வந்து பேசிட முடியுமா? அவ்வளவு கத்திட்டு வந்திருக்கேன். கத்தினதுக்குக் கொஞ்ச நாளாவது கோபமா இருக்க வேண்டாமா?"

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. போர்வையை வாங்கி மடித்து நாற்காலியில் வைத்தாள். அடுத்த துணியை எடுத்தாள். அது அவர் சட்டை. காலரில் போகாத கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"மேடையில உன் பேரைச் சொன்னாரு."

பாப்பாவுக்கு முதலில் புரியவில்லை.

"தங்கச்சி இல்லன்னா புத்தகம் இல்லன்னாரு. நானும் முன் வரிசையில உட்கார்ந்து கைதட்டினேன். அந்தக் கையெழுத்தை ஒரு வரி படிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா? 'கயிறு'ன்னு எழுதினாரா 'வயிறு'ன்னு எழுதினாரான்னு தெரியாம எத்தனை நாள் முழிச்சேன் தெரியுமா? நீ வந்த, அவருக்குக் கை கொடுத்த, போட்டோ எடுத்துக்கிட்ட, போயிட்ட. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல."

"அண்ணி..."

"அவர் மறந்துட்டாரு. அவர் மேடையில தன் பேரையே மறந்துட்டவரு. நீ மறக்கலாமா? நீதானே படிச்சவ?"

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம். பாப்பாவுக்கு அது அந்த நேரத்தில் சின்ன வார்த்தையாகப் பட்டது. "நான் உங்களை நினைக்கவே இல்ல அண்ணி" என்றாள். "அதுதான் நிஜம். எனக்குத் தோணவே இல்ல."

"ம்" என்றாள் அண்ணி. அவள் எதிர்பார்த்தது அது இல்லை. ஆனால் கேட்டதும் தோள் கொஞ்சம் தளர்ந்தது. "அதைத்தான் நானும் சொல்றேன்."

"அண்ணாகிட்ட சொன்னீங்களா?"

"இதையெல்லாம் கேட்டா வாங்கறது?"

மீதித் துணியை மடித்தார்கள். கடைசியில் அண்ணியே கேட்டாள். "அந்த அஞ்சாவது அத்தியாயம். அவ்வளவு மோசமா?"

"மோசம்தான் அண்ணி."

"அந்தக் கதவைத் திறக்கச் சொன்னது நான்தான்." குரல் இறங்கியிருந்தது. "அடிக்க அடிக்க எனக்கே மூச்சு முட்டுச்சு. அந்த மூட்டுவலிக்காரம்மா நின்னுக்கிட்டே இருக்காங்க, இன்னொருத்தி உட்காருன்னுகூட சொல்ல மாட்டேங்கறா. என்னால தாங்க முடியல. போதும்ங்க, பாவம், வெளிய விட்டுடுங்கன்னேன். அவர் மறுநாளே விட்டுட்டாரு."

பாப்பா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "உங்களுக்கு மூச்சு முட்டுற அளவுக்கு எழுதியிருக்காரு அண்ணி. அதுதான் அவர் எழுத்து. நீங்கதான் அதை முதல்ல படிச்சவங்க. நான் இல்ல."

அண்ணி மடித்த துணிகளை அள்ளிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

மாலையில் அவர் வந்தபோது இருவரும் மேஜையில் உட்கார்ந்து யாரையோ பற்றிப் புறம் பேசிக்கொண்டிருந்தார்கள். "சமாதானமா?" என்றார் ஆவலாக. "என்ன பேசிக்கிட்டீங்க? யாரு முதல்ல தொடங்கினது?"

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள் அண்ணி.

"எனக்கு வேணும். நிஜமாவே வேணும்."

"அப்போ முதல்ல இங்க உட்காருங்க. உங்ககிட்ட எனக்கு ஒண்ணு பேசணும்" என்றாள் அண்ணி. பாப்பா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் அண்ணனின் குரல் போனில் மிக மெதுவாக, மிகப் பணிவாக இருந்தது.

'எல்லாரும் பத்திரம்' மறுபதிப்பு காணவில்லை. பதிப்பாளரிடம் கொஞ்சம் பிரதிகள் தேங்கின. நூலகத்தில் பாப்பா வைத்த பிரதியை மட்டும் மாணவிகள் எடுத்துப்போய்க்கொண்டே இருந்தார்கள். வாசிப்பறையில் யாராவது திடீரென்று வாய்விட்டுச் சிரித்தால், அது மூன்றாவது அத்தியாயம் என்று அவளுக்குத் தெரியும். உதட்டில் விரல் வைத்து எச்சரிக்க வேண்டியவள், கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாள். நாலாவது மாடி அம்மாவிடம் அண்ணன் மாதாமாதம் நலம் விசாரிக்கிறார். அந்த அம்மா இன்னும் மேலே போய்ப் பேசவில்லை.

அண்ணன் இப்போது இரண்டாவது நாவல் எழுதுகிறார். இது ஒரு மருத்துவமனைக் காத்திருப்பறையில் நடக்கிறதாம். மிக மெதுவாகப் போகிறது. அண்ணிதான் இதையும் அடிக்கிறாள். சில இடங்களில் அவள் கை நின்றுவிடும். "போதும்ங்க" என்பது வாய்வரை வரும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னலருகே நின்றுவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்து அடுத்த வரியை அடிப்பாள்.